பெட்டியைக் கொஞ்சம் காலி பண்ணு

ஈரோடு,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள கவிதாவுக்கு,

சித்தி எழுதுவது. நீ அனுப்பிய மாதிரிப் பெட்டி வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தது. போனில் சொன்னால் எல்லாவற்றுக்கும் "சரி சித்தி" என்று சொல்லி வைத்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

கம்பெனி வேலையை விட்டுவிட்டு, குழந்தைகளுக்குப் புலன் விளையாட்டுப் பெட்டி விற்க இறங்குகிறாளே என்று அக்கா என்னிடம் புலம்பினாள். எனக்கு அந்தப் பயம் இல்லை. பிறந்தநாள் ரிட்டர்ன் கிஃப்டுக்குப் பென்சில் பாக்ஸையே கொடுத்துச் சலித்துப்போன அம்மாக்கள் ஊர் முழுக்க இருக்கிறார்கள். பிளே ஸ்கூல்காரர்களும் வாங்குவார்கள். வியாபாரம் நடக்கும். என் கவலையெல்லாம் பெட்டிக்குள் இருப்பதைப் பற்றித்தான்.

மேஜையில் பரப்பிப் பார்த்தேன். சாயம் போட்ட அரிசி, வாட்டர் பீட்ஸ், மூன்று நிறத்தில் பிளே டோ, கைனெட்டிக் மணல், குன்றிமணி, சோழி, இடுக்கி, கரண்டி, பிளாஸ்டிக் மிருகங்கள், மினுமினுப்புத் தூள். போட்டோ எடுத்தால் அருமையாக இருக்கும். ஆனால் இதில் பாதியை வெளியே எடுத்துவிடு கண்ணு.

முதலில் குன்றிமணி. பிள்ளையார் சதுர்த்திக்குக் களிமண் பிள்ளையாருக்குக் கண் வைக்கிற சாமான்தானே என்று சேர்த்திருப்பாய். அதற்குள் இருப்பது அப்ரின் என்ற கொடிய விஷம். மேல் ஓடு கெட்டியாக இருக்கிறவரை பரவாயில்லை. கடித்தாலோ, கோர்ப்பதற்காகத் துளை போட்டிருந்தாலோ உயிருக்கே ஆபத்து. ஆமணக்கு விதையும் இதே ரகம். நாட்டுப் பொருள் என்றால் நல்லதாகத்தான் இருக்கும் என்கிற நம்பிக்கை குழந்தை சாமானில் செல்லாது.

அடுத்தது வாட்டர் பீட்ஸ். காய்ந்திருக்கும்போது கடுகு மாதிரி, தண்ணீர் பட்டால் கோலிக்குண்டு. வயிற்றுக்குள் போனாலும் ஊறி உப்பிக் குடலை அடைக்கும். எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது என்பதால் டாக்டருக்கும் கண்டுபிடிப்பது கஷ்டம். அமெரிக்காவில் குழந்தை விளையாட்டுக்கென்று இதை விற்பதை அமேசான், வால்மார்ட், டார்கெட் மூன்றுமே 2023 டிசம்பரில் நிறுத்துவதாக அறிவித்தன. அவர்களே கைவிட்டதை நீ ஏன் தூக்கிச் சுமக்க வேண்டும்?

"மூன்று வயதுக்கு மேல்" என்று லேபிள் ஒட்டிவிட்டால் போதாதா என்று கேட்பாய். ரிட்டர்ன் கிஃப்ட் எந்த வீட்டில், யார் கையால் திறக்கப்படும் என்று உனக்குத் தெரியாது. அஞ்சு வயசு அண்ணனுக்கு வந்த பெட்டியிடம் தவழ்ந்து போகிற தங்கச்சி லேபிள் படிப்பதில்லை. சின்னப் பொருளா என்று பார்க்க 31.7 மில்லிமீட்டர் விட்டத்தில் ஓர் உருளை வைத்திருக்கிறார்கள். அதற்குள் முழுசாக அடங்குகிற எதுவும் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையின் சாமானில் இருக்கக்கூடாது. அந்த உருளை ஒன்றை வாங்கி வேலை செய்கிற மேஜையிலேயே வைத்துக்கொள்.

இவ்வளவையும் எடுத்துவிட்டால் பெட்டி வெறிச்சென்று இருக்குமே என்று உனக்குத் தோன்றும். இருக்கட்டும். மாண்டிசோரி அம்மையார் 1939-ல் சென்னைக்கு வந்தவர், உலகப் போரால் ஊர் திரும்ப முடியாமல் அடையாறிலும் கொடைக்கானலிலும் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். புலன்களுக்கென்று அவர் செய்து வைத்த சாமான்களைப் பார்: இளஞ்சிவப்புக் கோபுரத்தில் பத்துக் கட்டைக்கும் ஒரே நிறம், ஒரே வடிவம், அளவு மட்டும்தான் மாறும். ஒரு நேரத்தில் ஒரு வித்தியாசம் போதும் என்பது அவர் கணக்கு. எல்.கே.ஜி. வகுப்பில் நான் பார்த்ததும் அதுதான். பத்துப் பொருளைக் கொட்டினால் குழந்தை எல்லாவற்றையும் தள்ளிவிட்டு ஓடும். ஒரு தட்டு ரவையும் ஒரு கரண்டியும் கொடுத்தால் அரை மணி நேரம் அசையாது.

அதனால் ஒரு பெட்டிக்கு ஒரு விஷயம் என்று வை. எனக்குத் தோன்றுகிற முதல் பெட்டி சங்குப்பூ. காய்ந்த பூவை வெந்நீரில் போட்டால் நீலம், எலுமிச்சை பிழிந்தால் ஊதா, இன்னும் பிழிந்தால் இளஞ்சிவப்பு. வெந்நீர் அம்மா கையில், பிழிவது பிள்ளை கையில். பூவுக்கு எடையே கிடையாது, எலுமிச்சை அவர்கள் வீட்டிலேயே இருக்கும்.

பிளே டோ இருக்கட்டும். ஆனால் கடலை எண்ணெய் ஊற்றிப் பிசையாதே, வேர்க்கடலை ஒவ்வாத குழந்தைகள் உண்டு. உள்ளே மைதா இருப்பதையும் பெட்டி மேல் எழுது. உப்பு ஈரத்தை இழுக்கும். ஐப்பசி மழையில் டப்பாவுக்குள் வியர்த்துவிடும். பிசைந்து அனுப்புவதை விட உலர்ந்த மாவாகவே அனுப்பி, தண்ணீர் விட்டுப் பிசைகிற வேலையைக் குழந்தைக்கே விட்டுவிடு. பாதி விளையாட்டு அதில்தான் இருக்கிறது.

அனுப்புகிற செலவையும் யோசி. கூரியர்காரன் எடையைப் பார்ப்பான், அது குறைவாக இருந்தால் அளவைப் பார்ப்பான். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுப்பது பல கம்பெனிகளின் கணக்கு. 30-க்கு 25-க்கு 12 பெட்டி என்றால், உள்ளே பஞ்சு இருந்தாலும் 1.8 கிலோவுக்குக் காசு. உன் லாபம் அங்கேயே போய்விடும்.

சட்டத்தையும் பார்த்துவிடு. 14 வயதுக்குட்பட்டவர்கள் விளையாடுவதற்கென்று செய்யும் பொருள்களுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். வீட்டில் செய்கிறோம், கொஞ்சம்தான் செய்கிறோம் என்பதால் தானாக விலக்கு வந்துவிடாது. பதிவு பெற்ற கைவினைஞர்களுக்கும் புவிசார் குறியீடு உள்ள பொம்மைகளுக்கும் விலக்கு இருக்கிறது. சன்னபட்டணத்து மரச் சாமான் அப்படிப்பட்டது. உன்னுடையது எதில் வரும் என்று, அந்த முத்திரை கொடுக்கிற பி.ஐ.எஸ்.ஸின் கோவைக் கிளை அலுவலகத்திலேயே நேரில் கேள். பொருள் குறைந்தால் சோதனைச் செலவும் குறையும். சிறுதொழிலுக்கான உத்யம் பதிவுக்குக் காசு கிடையாது, யாராவது கேட்டால் கொடுக்காதே. ஜி.எஸ்.டி. பதிவுக்கு வருஷ விற்பனை 40 லட்சம் ஆகும் வரை பொறுக்கலாம். ஆனால் பெங்களூருக்கு விற்க ஆரம்பித்தால் அந்த வரம்பு உதவாது, ஆடிட்டரைக் கேட்டுக்கொள்.

இன்னொன்று. பெட்டி மேல் "ஆட்டிசம் குழந்தைகளுக்கு ஏற்றது" என்று அச்சடிக்கப் போவதாகச் சொன்னாயே, அது வேண்டாம். ஜீன் ஏர்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி புலன்கள் ஒன்றோடொன்று சேர்ந்து வேலை செய்வதைப் பற்றி 1972-ல் புத்தகம் எழுதி ஒரு சிகிச்சை முறைக்கு வழி போட்டார். பயிற்சி பெற்றவர் குழந்தையை நேரில் பார்த்துச் செய்கிற வேலை அது. நம் சங்குப்பூ அந்த வேலையைச் செய்யாது. தவித்துப்போய் நிற்கிற பெற்றோரிடம் அப்படிச் சொல்லி விற்பது பாவம். பதிலுக்கு ஒரு தாளில் இதை எழுதி உள்ளே வை: பிசுபிசுப்பைத் தொட்டாலே அழுகிற குழந்தைகள் உண்டு, கையைப் பிடித்து அழுத்தாதீர்கள், கரண்டியால் தொடட்டும். அந்தத் தாளுக்காகவே உன்னை இன்னொருத்தரிடம் சொல்வார்கள்.

அச்சுக்காரர் ஆயிரம் பெட்டிக்கு முன்பணம் கேட்கிறார் என்றாயே, அதை மட்டும் இந்த மாதம் கொடுக்காதே. உள்ளே என்ன என்று முடிவான பிறகு பெட்டி அளவு தானாக வரும். அக்காவையும் மாப்பிள்ளையையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
சித்தி