விரல் பாஷை

கம்ப்யூட்டரைத் தொட்டு வேலை வாங்குவது இன்றைக்கு ஓர் அதிசயமே அல்ல. பால்காரர் முதல் பட்டதாரி வரை நாம் எல்லோரும் சட்டைப் பையில் ஒரு கண்ணாடிச் சில்லை வைத்துக்கொண்டு, பொழுதெல்லாம் அதைத் தேய்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். ஆனால் மேஜைமேல் உட்காரும் பெரிய கம்ப்யூட்டரையும் அப்படித் தேய்க்கவேண்டிய நிலைமை எனக்கு ஏற்பட்டதற்குக் காரணம் ஆசை அல்ல; மணிக்கட்டு.

பதினெட்டு வருஷமாகச் சுட்டியைப் பிடித்துப் பிடித்து என் வலது மணிக்கட்டில் ஒரு வலி வந்து சேர்ந்தது. முதலில் விருந்தாளி மாதிரி வந்து போய்க்கொண்டிருந்தது. பிறகு வாடகை கொடுக்காத குடித்தனக்காரன் மாதிரி உட்கார்ந்துவிட்டது. டாக்டர், “இனிமேல் சுட்டியைத் தொடாதீர்கள்” என்றார். எழுதிப் பிழைக்கிறவனிடம் இப்படிச் சொல்வதும், சமையற்காரனிடம் அடுப்பண்டை போகாதே என்று சொல்வதும் ஒன்றுதான். வாரம் ஓர் அத்தியாயம் போனால்தான் வீட்டில் அரிசி. ஆகவே, தொட்டால் கேட்கும் கம்ப்யூட்டர் ஒன்றைத் தவணையில் வாங்கினேன்.

பாடம் சொல்லிக் கொடுத்தவள் என் தங்கை மகள். “மாமா, கதவைத் தட்டற மாதிரி தட்டாதீங்க. சும்மா தொட்டுட்டு எடுங்க” என்று ஆரம்பித்தாள். ஒரு விரலால் தொட்டால் திறக்கும். அதே விரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டிருந்தால், என்னென்ன செய்யலாம் என்று ஒரு பட்டியல் விரியும். மேலும் கீழும் தள்ளினால் பக்கம் நகரும். இரண்டு விரலை விரித்தால் எழுத்துப் பெரிதாகும். கிள்ளுகிற மாதிரி குவித்தால் சிறிதாகும். மூன்று விரலை மேல்நோக்கித் தள்ளினால் திறந்துவைத்த ஜன்னல்கள் அத்தனையும் வரிசையாக வந்து நிற்கும். மூன்று விரலைக் கீழ்நோக்கி இழுத்தாலோ, எல்லாம் மறைந்து திரை துடைத்துவிட்ட பலகை மாதிரி ஆகிவிடும். எழுத்தே ஓடாத நாட்களில் இந்தக் கடைசி முத்திரையை நான் அடிக்கடி பிரயோகிக்கிறேன்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. பொத்தான் என்றால் கண்ணுக்குத் தெரிகிறது, அமுக்கிப் பார்க்கலாம். சைகை அப்படியல்ல. யாராவது சொல்லித்தான் தெரியவேண்டும். மூன்று விரலால் தள்ளிப் பார்க்கவேண்டும் என்று எந்த மனிதனுக்குத் தானாகத் தோன்றும், சொல்லுங்கள்! 2012-ல் வந்த விண்டோஸ் எட்டில், மூலையில் இருந்த ஸ்டார்ட் பொத்தானை எடுத்துவிட்டு, திரையின் ஓரத்திலிருந்து இழுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். வீட்டுக்குக் கதவை எங்கே வைத்தோம் என்று சொல்லாமல் சாவியை மட்டும் கொடுத்த கதைதான். ஜனங்கள் போட்ட கூச்சலில் அடுத்த வருஷமே பொத்தான் திரும்பி வந்தது.

தொடுதிரை நாம் நினைப்பதுபோல் நேற்றுப் பிறந்த குழந்தை அல்ல. 1965-லேயே இங்கிலாந்தில் மால்வெர்ன் என்ற ஊரில், ரேடார் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்த்த ஜான்ஸன் என்பவர் இதைப் பற்றி எழுதிவிட்டார். ஆகாய விமானங்களுக்கு வழி சொல்கிறவர்களுக்கு உதவட்டும் என்பது அவர் எண்ணம். 1983-ல் ஹியூலட்-பாக்கர்ட் கம்பெனி, திரையைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கதிர்களை ஓடவிட்டு, விரல் குறுக்கே வந்தால் இடத்தைக் கண்டுபிடிக்கும் கம்ப்யூட்டர் ஒன்றை விற்றது.

எனக்கு நெருக்கமாகத் தோன்றுகிற ஆசாமி இவர்கள் எல்லோரையும்விட வேறொருவர். அமெரிக்காவில் டெலவேர் சர்வகலாசாலையில் படித்த வெஸ்டர்மன். தட்டச்சு செய்து செய்து அவருக்கும் கைவலி. விரல்களை வருத்தாமல், மேலே தடவிவிட்டாலே போதும் என்று ஒரு பலகை செய்ய முடியாதா என்று தம் ஆசிரியர் இலியாஸுடன் சேர்ந்து ஆராய்ந்தார். 1998-ல் இருவரும் ஃபிங்கர்வொர்க்ஸ் என்ற சிறு கம்பெனியை ஆரம்பித்தார்கள். 2005-ல் ஆப்பிள் கம்பெனி அதை வாங்கிக்கொண்டது. 2007-ல் ஐபோன் வந்தது. உலகமே இன்று கிள்ளியும் தள்ளியும் கொண்டிருப்பதற்குப் பின்னால் ஒரு மாணவனின் கைவலியும் இருக்கிறது என்று அறிந்தபோது, என் மணிக்கட்டின்மேல் எனக்கே கொஞ்சம் மரியாதை வந்தது.

ஆனால் வலி சும்மா போகுமா? நிமிர்ந்து நிற்கும் திரையைத் தொடக் கையை நீட்டிக்கொண்டே இருக்கவேண்டியிருந்ததால், அது மணிக்கட்டைக் காலி செய்துவிட்டுத் தோளில் குடியேறியது. இதற்கு அமெரிக்கர்கள் ‘கொரில்லாக் கை’ என்று பெயரே வைத்திருக்கிறார்கள். நல்ல வேளையாக என் கம்ப்யூட்டர் பின்னால் மடங்கும் ஜாதி. அந்தக் காலத்துக் கணக்குப்பிள்ளைகளின் சாய்வு மேஜை மாதிரி மரத்தில் ஒரு தாங்கி வாங்கி, அதன்மேல் படுக்கவைத்தேன். முழங்கை மேஜையில் ஊன்றியது. விரலாலேயே எழுத்தை வரைந்து ஒரு முழு அத்தியாயத்தை முடித்தேன். வலி இல்லை.

அந்தச் சமயத்தில்தான் அப்பா ஊரிலிருந்து வந்தார். ஐம்பது வருஷம் தச்சுவேலை செய்தவர். பலகையை இழைத்துவிட்டுக் கண்ணால் பார்க்கமாட்டார். கண்ணை மூடிக்கொண்டு விரலால் ஒரு தடவு தடவுவார். மேடு பள்ளம் இருந்தால் விரல் சொல்லிவிடும். அம்மா போன பிறகு அவருக்கு இருக்கிற ஒரே பொழுதுபோக்கு, துபாயில் இருக்கும் என் தம்பியின் குழந்தையைத் திரையில் பார்ப்பது. ஊரில் பக்கத்து வீட்டுப் பையன்தான் அழைப்பை எடுத்துக் கொடுப்பானாம்.

“பெரிய கண்ணாடியா இருக்கே, இதுல நானே எடுக்கறேன்” என்று உட்கார்ந்தார். மணி அடித்தது. தொட்டார். ஒன்றும் நடக்கவில்லை. அழுத்தினார். மணி அடித்து ஓய்ந்தது.

இதற்குக் காரணம் விளக்கக்கூடியதுதான். கண்ணாடிக்கு அடியில் மின்சாரம் கடத்தும் மெல்லிய படலம் ஒன்று உண்டு. நம் உடம்பும் உப்பு நீர் நிறைந்ததாகையால் மின்சாரத்தைக் கடத்தும். விரல் அண்டினால் அந்த இடத்தில் மின்னேற்றம் சிறிது மாறும். அந்த மாற்றத்தை வைத்துத்தான் தொட்ட இடத்தைக் கம்ப்யூட்டர் கணக்கிடுகிறது. காய்த்துக் காய்ந்துபோன தோல் தடித்திருந்தால், உள்ளே இருக்கும் ஈரச் சதை கண்ணாடிக்கு எட்டாது. உளியும் ரம்பமும் உண்டாக்கிய காய்ப்பு அப்பாவின் விரல் நுனிகளில் பலகையாகவே படிந்திருக்கிறது.

இதையெல்லாம் நான் சொல்லிக்கொண்டிருந்தபோது, அவர் தம் விரலையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். “அப்ப, இந்த விரல்ல உசிர் இல்லேன்னு சொல்லுதாடா இது?” என்று கேட்டார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை.

“சுண்டுவிரலோட பக்கவாட்டால தொட்டுப் பாருங்கப்பா. அங்கே காய்ப்பு இல்லை” என்றேன். தொட்டார். கேட்டது. மறுபடி துபாயிலிருந்து அழைப்பு வந்தபோது, தாமாகவே எடுத்துவிட்டார். பேத்தி அரை மணி நேரம் பேசினாள். இவர் இடையிடையே, “ம்” என்றார்.

பேச்சு முடிந்ததும் எழுந்திருக்கவில்லை. கம்ப்யூட்டரைத் தாங்கிநின்ற மரச் சாய்வின் ஓரமாகக் கட்டைவிரலை ஓட்டினார். கண்ணை மூடிக்கொண்டார்.

“இடது பக்கம் அரை நூல் தூக்கலா இருக்கு. எங்கே வாங்கினே?”

கடையின் பெயரைச் சொன்னேன்.

“இழைப்புளி இருக்கா வீட்டுலே?” என்றார்.