லட்டு எங்கே என்று கேட்டார்கள்

சித்தூரில் மொட்டைத் தலையோடு யார் நடந்தாலும் ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எழுபது கிலோமீட்டர் தள்ளித் திருப்பதி. மலையில் முடி கொடுத்துவிட்டு, தலையில் சந்தனத்தைப் பூசிக்கொண்டு பஸ்ஸைவிட்டு இறங்குகிறவர்களைத் தினமும் பார்க்கிற ஊர் இது. அந்தக் கூட்டத்துக்குள் நான் இரண்டு வருடம் ஒளிந்திருந்தேன்.

1996-ல், எனக்கு நாற்பத்தொரு வயது. பின்னல் போடும்போது காதுக்குப் பின்னால் ஓர் இடம் வழவழவென்று விரலில் தட்டுப்பட்டது. ரூபாய் நாணயம் அளவு. அரிப்பில்லை, வலியில்லை. புழுவெட்டு என்றார் என் அம்மா. பக்கத்து வீட்டுத் தெலுங்கு அம்மா பேனுகொருக்குடு என்றார், பேன் கடித்துவிட்டதாம். ஒரு மொழி புழுவின் மேல் பழி போட்டது, இன்னொரு மொழி பேனின் மேல். தலையைச் சுத்தமாக வைத்துக்கொள்ளத் தெரியாதவள் என்று இரண்டு மொழியிலும் எனக்குப் பெயர் வந்தது. சின்ன வெங்காயம் அரைத்துத் தேய்த்தேன். பூண்டை நசுக்கித் தேய்த்துத் தோல் வெந்து கொப்புளித்தது. ஒரு வட்டம் மூன்றாகி, மூன்றும் ஒன்றோடொன்று சேர்ந்து, எட்டு மாதத்தில் தலையில் ஒன்றுமில்லை.

நம்மில் பெண்ணின் மொட்டைத் தலைக்கு என்ன பொருள் இருந்தது என்று என் வயதுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கணவனை இழந்தவளுக்கு மொட்டையடித்த வீடுகளின் நினைவு என் பாட்டி காலம்வரை உயிரோடு இருந்தது. வளைகாப்பு வீட்டில் குங்குமம் கொடுத்தவர்கள், பூச்சரத்தைக் கையில் வைத்துக்கொண்டு என் தலையைப் பார்த்துத் தயங்கினார்கள். நானே கைநீட்டி வாங்கி மணிக்கட்டில் சுற்றிக்கொண்டேன். திருப்பதி மொட்டைக்கு மட்டும் இந்தத் தயக்கம் கிடையாது. அதனால், "மலைக்குப் போய் வந்தேன்" என்று சொல்லத் தொடங்கினேன். தம்பி மகள் கல்யாணம் கூடிவந்ததற்கு ஒரு வேண்டுதல், அம்மாவின் கண் ஆபரேஷனுக்கு ஒன்று, வீட்டுக்காரரின் டிரான்ஸ்ஃபருக்கு ஒன்று.

பொய் சொன்னால் போதும் என்றிருந்தேன். எதிர்வீட்டில், "லட்டு எங்கே டீச்சரம்மா?" என்று கேட்டார்கள்.

லட்டுக்காகவே மலைக்குப் போனேன். முடி இறக்கும் கல்யாணகட்டாவில் என் வயதுப் பெண் ஒருத்தி டோக்கனோடு வந்து உட்கார்ந்தாள். இடுப்புவரை முடி. தண்ணீர் தெளித்துக் கத்தி வைத்ததும் கொத்துக் கொத்தாக மடியில் விழுந்தது. அவள் கண்ணை மூடிக் கோவிந்தா என்றாள். அவ்வளவு பொறாமை நான் எவர்மேலும் பட்டதில்லை. அவள் கொடுத்தாள். என்னிடம் யாரும் கேட்கவே இல்லை.

பிறகு புருவமும் இமையும் போயின. நாலாம் வகுப்பில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது ஒரு பையன் எழுந்து, "டீச்சர், சாமி புருவத்தையும் வாங்கிக்குவாரா?" என்று கேட்டான். குறும்புக்குக் கேட்கவில்லை; முகத்தில் கவலை இருந்தது. அடுத்த மாதம் அவன் வீட்டில் மொட்டை போடப் போகிறார்களாம். சாக்பீஸைக் கீழே வைத்தேன். "இல்லடா, எனக்கு உடம்புக்கு முடியல, அதனால கொட்டிடுச்சு" என்றேன். இரண்டு வருடத்தில் அதை வாய்விட்டுச் சொன்னது அப்போதுதான். "சரி டீச்சர்" என்று உட்கார்ந்துவிட்டான். வகுப்பு அடுத்த கணக்குக்குப் போயிற்று.

அந்த வாரமே திருப்பதியில் ருயா மருத்துவமனைக்குப் போனேன். தோல் பிரிவில் இருந்த டாக்டரம்மா முதலில் நகத்தைப் பார்த்தார். ஊசி குத்தினாற்போலக் குழிகள் இருந்தன. பிறகு சொன்னார்: இதற்குப் பெயர் அலோபீஷியா ஏரியேட்டா. புழுவுமில்லை, பேனுமில்லை. கிருமியை அடிக்க வேண்டிய உடம்பின் காவல், தவறிப்போய் முடியின் வேரை அடிக்கிறது. ஒட்டாது. வேர் சாவதில்லை, அதனால் எப்போது வேண்டுமானாலும் முளைக்கலாம், முளைத்ததும் திரும்பக் கொட்டலாம். நூறு பேரில் இரண்டு பேருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது வருகிறது. தைராய்டு கோளாறும் கூட வரலாம் என்று ரத்தம் எடுத்தார். ஓரிரு வட்டத்தோடு வருகிறவர்களுக்கு அந்த இடத்திலேயே ஸ்டீராய்டு ஊசி போடுவார்களாம். பெரும்பாலும் ஒரு வருடத்துக்குள் தானாகவும் முளைத்துவிடுமாம். எனக்கு அந்தக் கட்டம் தாண்டிவிட்டிருந்தது. பூண்டுக்குப் பதில் முதல் வட்டத்தோடேயே போயிருக்க வேண்டும். இதை இன்றும் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன்.

எனக்கு ஒருமுறை வெள்ளையாகப் பூமுடி முளைத்து, மறுபடி கொட்டியது. இப்போது எழுபது. பாரிசிட்டினிப் என்ற மாத்திரையை 2022-ல் அமெரிக்காவில் கடுமையான நிலைக்கு அனுமதித்தார்கள். நிறையப் பேருக்கு முளைக்கிறது, நிறுத்தினால் பலருக்கு மீண்டும் கொட்டுகிறது. ரத்தப் பரிசோதனையும் டாக்டர் கண்காணிப்பும் இல்லாமல் தொடக் கூடாத மருந்து. இளையவர்கள் கேட்டுப் பார்க்கலாம். எனக்கு வேண்டாம் என்று நானே முடிவு செய்தேன்.

விக் வைத்துக்கொள்வதில் எனக்குத் தடையில்லை. திருமலைக் கதையிலேயே அது இருக்கிறது. மாட்டுக்காரன் வீசிய கோடரி பட்டு சுவாமியின் தலையில் ஓரிடத்தில் முடி போய்விட்டது. நீலாதேவி தன் கூந்தலை அறுத்து அங்கே வைத்தாள். ஏழுமலையில் ஒரு மலைக்கு அவள் பெயர். சுவாமிக்கும் ஒரு வட்டம் இருந்தது, அவரும் பிறர் முடியை வாங்கிக்கொண்டார். கல்யாணகட்டா முடியும் ஏலம் போய்க் கடல் கடந்து விக்காகிறது. கல்யாண வீட்டுக்கு ஆசைப்பட்டு வைத்துக்கொண்டு போன நாட்கள் எனக்கும் உண்டு. காற்றடித்தால் பிடித்துக்கொள்ளும் பயத்தோடு வைத்துக்கொண்ட நாட்களைத்தான் நினைக்கப் பிடிக்கவில்லை.

போன மாதம் எங்கள் தெருவில் ஓர் அம்மா தன் பெண்ணைக் கூட்டிவந்தாள். பன்னிரண்டு வயது. தலையில் துப்பட்டா, அடியில் ஐந்தாறு வட்டம். டாக்டரிடம் காட்டி ஊசி ஆரம்பித்துவிட்டார்கள். அம்மாதான், "ஸ்கூல்ல திருப்பதி மொட்டைன்னு சொல்லிடலாமா டீச்சரம்மா?" என்றாள்.

எனக்குள் ஏதோ பிசைந்தது. லட்டுக் கதையைச் சொன்னேன். அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் அயானா பிரஸ்லி 2020 ஜனவரியில் வெறுந்தலையோடு காமிரா முன் உட்கார்ந்து இதே நோயைப் பற்றிப் பேசிய படத்தைக் காட்டினேன். அந்தப் பெண் படத்தைவிட என் தலையைத்தான் அதிகம் பார்த்தாள்.

"அவ்வா, தொட்டுப் பாக்கட்டா?"

குனிந்தேன். தொட்டுப் பார்த்தாள். பிறகு இரண்டு பேரும் உட்கார்ந்து, ஸ்கூலில் கேட்டால் என்ன சொல்வது என்று எழுதினோம். இது ஒரு தோல் சம்பந்தப்பட்ட நோய், யாருக்கும் ஒட்டாது, சிகிச்சை எடுத்துக்கொண்டிருக்கிறேன், முளைக்க நாளாகும். ஆசிரியை புத்தி எனக்கு. நான்கு வரி ஆகிவிட்டது. அவள் படித்துப் பார்த்துத் தலையாட்டினாள்.

"ரொம்பப் பெரிசு அவ்வா. பசங்க அவ்ளோ நேரம் நிக்க மாட்டாங்க."

பேனாவை வாங்கி நான்கு வரியையும் அடித்துவிட்டு, கீழே தெலுங்கில் தானே எழுதினாள்: பேனுகொருக்குடு. அண்டதுலே (ஒட்டாது).