உண்ணிக் கணக்கு

உங்கள் வீட்டில் நாய் உண்டா? பூனை? இரண்டும் இல்லையென்றால் பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். உங்கள் தெருவில் நிச்சயம் இருக்கும். அந்த நாய் படுத்துப் புரண்ட மண்ணைத்தான் நீங்களும் செருப்போடு வீட்டுக்குள் கொண்டுவருகிறீர்கள்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். நாய் சொறிந்தால் 'பேன் புடிச்சிருக்கு' என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். உண்மையில் அங்கே இருப்பது பெரும்பாலும் இரண்டு பேர். ஒருவர் தெள்ளுப்பூச்சி. ஆறு கால், பக்கவாட்டில் நசுக்கிய உடம்பு, கையில் பிடிபடாமல் துள்ளி ஓடும். இன்னொருவர் உண்ணி. எட்டு கால், சிலந்திக்கு ஒன்றுவிட்ட உறவு. துள்ளாது, ஓடாது. காதுமடலிலோ கால்விரல் இடுக்கிலோ உட்கார்ந்துவிட்டால் ரத்தம் குடித்து ஆமணக்கு விதை மாதிரி உப்பும்வரை நகராது. உண்பதைத் தவிர வேறு வேலையே இல்லாததால் உண்ணி. பெயர் வைத்தவருக்கு ஒரு சபாஷ்.

நான் இருப்பது பள்ளிக்கரணை. ஒரு பக்கம் சதுப்பு நிலம். 2022-ல் ராம்சர் பட்டியலில் இடம்பிடித்து உலக அந்தஸ்து பெற்றுவிட்டது. இன்னொரு பக்கம் பெருங்குடி குப்பை மேடு. நடுவில் காலி மனைகள், இடுப்பு உயரப் புல், பாதி கட்டிய அடுக்குமாடிகள். வலசைப் பறவைகளுக்குச் சதுப்பு நிலம், உண்ணிகளுக்கு எங்கள் தெரு.

எங்கள் கருப்பன் 2015 டிசம்பர் வெள்ளத்தில் மொட்டை மாடிக்கு நீந்தி வந்து சேர்ந்தவன். தண்ணீர் வடிந்த பிறகும் போகவில்லை. ஏழு வருஷம் ஒரு ஜுரம்கூட இல்லாமல் இருந்தவன், 2022-ல் ஒருநாள் தயிர் சாதத்தை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டான். மறுநாள் மூக்கிலிருந்து ரத்தம்.

டாக்டரம்மா அவன் உதட்டைத் தூக்கிக் காட்டினார். "ஈறைப் பாருங்க சார், எப்படி வெளுத்திருக்கு. உண்ணி ஜுரம்."

ரத்தப் பரிசோதனையில் தட்டணுக்கள் தரைமட்டம். எர்லிச்சியா என்ற கிருமி. உண்ணி கடிக்கும்போது உள்ளே போகிற சரக்கு. 28 நாள் டாக்சிசைக்ளின், நடுவே இரண்டு முறை டிரிப்ஸ். பிழைத்தான்.

உண்ணி ஜுரத்துக்கும் நம் ஊருக்கும் பழைய பந்தம் உண்டு. வெள்ளைக்கார துரைகள் இங்கே 'மெட்ராஸ் ஹன்ட்' என்ற பெயரில் நாய்க்கூட்டம் வைத்து வேட்டையாடிக்கொண்டிருந்தார்கள். அந்த வேட்டை நாய்களின் ரத்தத்தில் ஒரு புது ஒட்டுண்ணியை டபிள்யூ.எஸ்.பேட்டன் என்ற ஆராய்ச்சியாளர் கண்டுபிடித்து 1910-ல் எழுதினார். பிறகு அதே கிருமி நரியின் ரத்தத்திலும் இருந்தது. இன்று அதன் பெயர் பபீசியா கிப்சோனி. ஆசியா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா என்று எங்கெல்லாமோ நாய்களின் சிவப்பணுக்களை உடைத்துக்கொண்டிருக்கும் ஒரு கிருமியின் முதல் முகவரி, மெட்ராஸ்! நாம் பெருமைப்பட வேண்டிய விஷயமா என்று தெரியவில்லை. ஆனால் பள்ளிக்கரணை நாய்க்கு உண்ணி ஜுரம் வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

கருப்பன் எழுந்து உட்கார்ந்ததும் டாக்டரம்மா ஒரு மாத்திரையைக் கையில் வைத்தார். கறி வாசனை அடிக்கும் சதுரத் துண்டு. "இனிமே மாசம் ஒண்ணு. பவுடர், ஷாம்பு எல்லாத்தையும் தூக்கிப் போடுங்க."

அந்த மாத்திரையைக் கருப்பனுக்குக் கொடுப்பதை, எதிர்மனையில் கட்டுமான வேலைக்குக் காவல் இருக்கும் வாட்ச்மேன் அண்ணன் பார்த்துக்கொண்டே இருப்பார். திண்டிவனம் பக்கத்துக்காரர். அவருக்கும் ஒரு நாய், ராணி. ஒருநாள் கேட்டேவிட்டார்.

"சார், ஒரு டவுட்டு. மாத்திரய முழுங்குறது நாயி. சாவுறது உண்ணி. இது எப்புடி சார்?"

நான் படித்தது பி.காம். பற்று வரவு தெரியும், பூச்சியின் நரம்பு தெரியாது. டாக்டரம்மாவைக் கேட்டு, கொஞ்சம் படித்து, அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

மருந்து குடலிலிருந்து ரத்தத்துக்குப் போகிறது. வாரக்கணக்கில் அங்கேயே சுற்றுகிறது. உண்ணியோ தெள்ளுப்பூச்சியோ ரத்தத்தை உறிஞ்சும்போது மருந்தும் சேர்ந்து உள்ளே போகிறது. எந்த உயிரின் நரம்புக்கும் ஆக்ஸிலரேட்டர் உண்டு, பிரேக்கும் உண்டு. இந்த மருந்து பூச்சியின் பிரேக்கைப் பிடுங்கிவிடுகிறது. பிரேக் இல்லாத பஸ் வேளச்சேரி மெயின் ரோட்டில் எங்கே போய் நிற்குமோ, பூச்சியும் அங்கே போய் நிற்கிறது. நாய்க்கும் அதே மாதிரி பிரேக் உண்டு. ஆனால் பூச்சியின் பிரேக்கில் கெட்டியாக ஒட்டிக்கொள்ளும் மருந்து, நாயின் பிரேக்கில் அவ்வளவு லேசில் ஒட்டுவதில்லை.

"அப்ப கடிச்சாத்தான் சாவும்?"

"ஆமாண்ணே. கடிக்காம விரட்டாது. கடிச்சாத்தான் சாவும்."

இது முக்கியமான விஷயம். கடித்த உண்ணி சாவதற்குச் சில மணி நேரம் பிடிக்கும். சில கிருமிகள் அதற்குள்ளேயே நாயின் உடம்புக்குள் இறங்கிவிடலாம். ஆகவே மாத்திரை கொடுத்தாகிவிட்டது என்று காதுக்குள் பார்ப்பதை நிறுத்திவிடக் கூடாது.

இந்த இடத்துக்கு வர மனிதன் நிறைய சுற்றியிருக்கிறான். எங்கள் பாட்டி காலத்தில் வேப்பெண்ணெய். அப்பா காலத்தில் கமாக்சின் பவுடர். சுவரோரம் எறும்புக்குப் போட்டது போக மிச்சத்தை நாயின் முதுகில் தேய்த்தார்கள். அந்த பி.எச்.சி. மருந்தை இந்தியாவில் 1997-ல் தடை செய்தார்கள். தொண்ணூறுகளில் வெளிநாட்டில் லூஃபெனுரான் என்று ஒரு மருந்து வந்தது. அது தெள்ளுப்பூச்சியைக் கொல்லாது. முட்டை பொரிக்காமல் செய்யும். தெள்ளுப்பூச்சிக்குக் குடும்பக் கட்டுப்பாடு! 2000-ல் நைட்டன்பைரம் என்ற மாத்திரைக்கு அமெரிக்காவில் அனுமதி. அரை மணியில் தெள்ளுப்பூச்சிகள் பொலபொலவென்று உதிரும். ஆனால் ஒரு நாளோடு சரி, உண்ணியை ஒன்றும் செய்யாது. 2013-ல் அஃபாக்ஸோலேனர், மறு வருஷம் ஃப்ளூராலேனர், 2016-ல் சரோலேனர். ஐசாக்ஸசோலின் என்ற குடும்பத்தைச் சேர்ந்த இவைதான் உண்ணி, தெள்ளு இரண்டுக்கும் சேர்த்து வேலை செய்கிறவை. சில மாதத்துக்கு ஒன்று, சில மூன்று மாதத்துக்கு ஒன்று.

எல்லாம் நல்லது மட்டும்தானா? இல்லை. 2018-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஓர் எச்சரிக்கை விட்டது. பெரும்பாலான நாய், பூனைகளுக்கு இவை பாதுகாப்பானவை. ஆனால் சிலவற்றுக்கு நடுக்கம், தள்ளாட்டம், வலிப்பு வரலாம் என்று. உங்கள் நாய்க்கு எப்போதாவது வலிப்பு வந்திருந்தால் டாக்டரிடம் அதை முதலில் சொல்லுங்கள். குட்டிகளுக்கு வயது வரம்பும் எடை வரம்பும் உண்டு. எடை பார்க்காமல், கடைக்காரர் கொடுத்ததை வாங்கி வராதீர்கள்.

பூனை விஷயத்தில் இன்னும் கவனம். எதிர்வீட்டுப் பாட்டி ஒரு பூனை வளர்த்தார். மீனு. வெள்ளையும் மஞ்சளும். போன வருஷம் விருந்தாளியாக வந்த உறவுக்காரப் பையன், நாயின் பிடரியில் விடும் சொட்டு மருந்தை மீனுவுக்கும் நாலு சொட்டு விட்டான். நல்லெண்ணம்தான். ராத்திரி பத்து மணிக்கு மீனுவின் காது துடிக்க ஆரம்பித்தது. பிறகு கால்கள். விடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அந்த மருந்தில் இருந்தது பெர்மெத்ரின். நாயின் கல்லீரல் அதைச் சமாளிக்கும். பூனையின் கல்லீரலுக்கு அந்த வசதி இல்லை. டப்பாவில் 'நாய்களுக்கு மட்டும்' என்று ஆங்கிலத்தில் கடுகளவு எழுத்தில் போட்டிருந்தது. பாட்டிக்கு ஆங்கிலம் தெரியாது. பையனுக்குத் தெரியும், படிக்கவில்லை. பூனைக்கென்றே தனி மருந்துகள் இருக்கின்றன. நாய் மாத்திரையை உடைத்துப் பாதி பூனைக்கு என்ற சிக்கனம் வேண்டவே வேண்டாம்.

இப்போது விலைக்கு வருவோம். கருப்பனின் எடைக்கு, நான் வாங்கும் கடையில் ஒரு மாத்திரை சுமார் 900 ரூபாய். வாட்ச்மேன் அண்ணனிடம் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கு அது கிட்டத்தட்ட இரண்டு நாள் சம்பளம். தினமும் ராத்திரி டியூப்லைட் வெளிச்சத்தில் ராணியை மடியில் போட்டு, ஒவ்வொரு உண்ணியாகப் பிடுங்கி மண்ணெண்ணெய் டப்பாவில் போடுவார். அவரால் முடிந்த வைத்தியம்.

அந்த மழைக்காலத்தில் ராணிக்கும் மூக்கில் ரத்தம் வந்தது. ஆட்டோவில் வைத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். ரத்தம் ஏற்றுவதற்கு ஏற்பாடு செய்துகொண்டிருக்கும்போதே போய்விட்டது. கட்டுமான மணலுக்குப் பின்னால் அவரே குழி தோண்டினார். கூலி ஆட்கள் யாரையும் மண்வெட்டியைத் தொட விடவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தெரு நலச்சங்கக் கூட்டம். பி.காம். படித்த பாவத்துக்கு நான்தான் பொருளாளர். எங்கள் தெருவில் வீடில்லாத நாய்கள் நாலு. நாலுக்கும் மாத்திரை கொடுத்தால் மாதம் 3,600. மொத்தம் 36 வீடு. வீட்டுக்கு நூறு ரூபாய். கணக்கு இவ்வளவு அழகாக வகுபடுவது அபூர்வம் என்று நினைத்துக்கொண்டே எழுந்தேன்.

ஓய்வுபெற்ற பேங்க் அதிகாரி ஒருவர் கையைத் தூக்கினார். "தெரு நாய்க்கு மாத்திரையா? கார்ப்பரேஷனுக்கு போன் போட்டுப் புடிச்சிட்டுப் போகச் சொல்லுங்க சார்."

நியாயமான கேள்விதான். பதில் சொன்னேன். 2023-ம் வருஷ விதிகளின்படி, தெரு நாயைப் பிடித்தால் கருத்தடை செய்து, வெறிநாய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். எங்கள் நாலுக்கும் அது முடிந்துவிட்டது. இதுகளை விரட்டினால் சதுப்பு நிலத்துப் பக்கமிருந்து வேறு நாலு வரும், தடுப்பூசி போடாமல், புது உண்ணிகளோடு.

"நான் நாயே வளக்கல. எனக்கு எதுக்கு?"

இதற்கும் கணக்கில்தான் பதில் இருக்கிறது. தெள்ளுப்பூச்சியின் பாலன்ஸ் ஷீட்டைப் பார்த்தால், நாயின் மேல் நாம் பார்ப்பது சுமார் 5 சதவீதம். மீதி 95 சதவீதம் முட்டையாக, புழுவாக, கூட்டுப்புழுவாகத் தரையிலும் பாயிலும் சோபா இடுக்கிலும் முதலீடாகக் கிடக்கிறது. பெண் பூச்சி நாளொன்றுக்கு நாற்பது முட்டைவரை இடும். கூட்டுப்புழு மாதக்கணக்கில் காத்திருக்கும். கோடை விடுமுறைக்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்த் திரும்பி வந்து கதவைத் திறந்ததும் காலெல்லாம் கடிக்கிறதே, எப்படி? உங்கள் காலடி அதிர்வும் உடம்புச் சூடும்தான் அதற்கு அலாரம். உண்ணி இன்னும் மோசம். ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுவிட்டுச் சாகும். குஞ்சுகள் சுவர் விரிசலில் ஏறிக் குடியிருக்கும். கதவு எண் பார்த்து வராது. தெருக் கோடியில் விளையாடும் குழந்தை, கை வழியாகத் தெள்ளுப்பூச்சியைத் தெரியாமல் விழுங்கிவிட்டால் நாடாப்புழுகூட வரலாம்.

கூட்டம் முடிந்தது. 22 வீடு பணம் கொடுத்தது. 14 வீடு கொடுக்கவில்லை. 2,200 ரூபாய். இரண்டு நாய்க்கு மாத்திரை, கையில் 400 மிச்சம்.

மறுநாள் காலை கேட்டைத் திறந்தால் வாட்ச்மேன் அண்ணன். கையில் மடித்த நூறு ரூபாய்த் தாள்.

"அண்ணே, நீங்க வீட்டுக்காரர் இல்ல. உங்களுக்கு இது கெடையாது."

"எழுதிக்குங்க சார். ராணி பேர்ல."

எழுதிக்கொண்டேன். இருபத்து மூன்றாவது வரவு. நாலு நாயில் எந்த இரண்டுக்கு மாத்திரை என்பதை டாக்டரம்மாவே முடிவு செய்தார். குழந்தைகள் விளையாடும் முனையில் படுக்கும் இரண்டுக்கும் மாத்திரை, மற்ற இரண்டுக்கும் மிச்சப் பணத்தில் ஸ்ப்ரே. ஸ்ப்ரே அடிக்கும் பொறுப்பு வாட்ச்மேன் அண்ணனுக்கு. இப்போது எட்டு மாதமாகிறது. வரவு 2,500-ஐத் தொட்டிருக்கிறது, 3,600-ஐத் தொடவில்லை. பாட்டி மாதம் இருநூறு கொடுக்கிறார். பேங்க் அதிகாரி இன்னும் ஒரு பைசா தரவில்லை. ஆனால் ஒண்ணாம் தேதி தவறாமல் வந்து கணக்கு நோட்டைப் புரட்டிப் பார்க்கிறார். ஒருமுறை கூட்டலில் பத்து ரூபாய் வித்தியாசம் கண்டுபிடித்தார். தணிக்கைக்குச் சம்பளமில்லாத ஆள் கிடைத்திருக்கிறார், அதையும் வரவில்தான் வைத்திருக்கிறேன்.

உங்கள் வீட்டு நாய்க்கு இன்று மாலையே இதைச் செய்யுங்கள். காதுமடலைத் திருப்பிப் பாருங்கள். கால்விரல் இடுக்கைப் பிரித்துப் பாருங்கள். உண்ணி இருந்தால் விரலால் நசுக்க வேண்டாம், சின்ன இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து இழுத்துச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள். உதட்டைத் தூக்கி ஈறு இளஞ்சிவப்பாக இருக்கிறதா என்று பாருங்கள். வெளுத்திருந்தால் நாளைக்கு என்று தள்ளாதீர்கள். படுக்கைத் துணியை வெந்நீரில் அலசி வெயிலில் காயப் போடுங்கள். மாத்திரை கொடுக்கிறவர்கள், அடுத்த தேதியைப் பால் கணக்கு எழுதும் அதே காலண்டரில் குறித்து வையுங்கள்.

உங்கள் தெரு நலச்சங்கத்தில் பொருளாளர் யார் என்றும் விசாரித்து வையுங்கள். நூறு ரூபாய் கேட்டு வந்தாலும் வருவார்.