அம்மாவின் பித்தம்

சென்ற மார்கழியில் ஒரு நாள் அம்மா காப்பியை விட்டுவிட்டதாகச் சொன்னாள். காரணம் கேட்டேன். "பித்தம்" என்றாள். ஐம்பது வருஷமாகத் தலைகாட்டாத பித்தம் திடீரென்று எங்கிருந்து வந்தது என்று நான் யோசிக்கவில்லை. வகுப்பில் நாற்பது பிள்ளைகள் சொல்லும் சாக்குகளைக் கண்டுபிடிக்கிற உபாத்தியாயனுக்கு, வீட்டில் சொன்ன சாக்கு விளங்கவில்லை. பிறகுதான் அவள் மணிக்கட்டில் ஒரு கொப்புளம் என் கண்ணில் பட்டது. கை நடுங்கி, காப்பி ஆற்றும்போது கையிலேயே கொட்டிக்கொண்டிருக்கிறாள். அவ்வளவுதான் பித்தம்.

நுரையில்லாத காப்பி அம்மாவுக்குக் கஷாயத்துக்குச் சமானம். நான் ஆற்றினாலோ பாதி தரைக்குப் போய்விடும். என் மனைவி ஆற்றுவதைப் பற்றி எழுதாமலிருப்பது குடும்பத்துக்கு க்ஷேமம். ஆகவே நுரைக்கு வேறு வழி தேடினேன்.

இத்தாலி தேசத்தில், மிலான் நகரத்துப் பெஸ்ஸேரா என்பவர் 1901-ஆம் வருஷத்தில் நீராவியின் அழுத்தத்தால் காப்பி வடிக்கும் யந்திரத்துக்கு உரிமை பதிவு செய்தார். அதன் சந்ததிகள் இன்று ஒரு குழாய் வழியாக நீராவியைப் பாலுக்குள் பாய்ச்சி, வெண்ணெய் போன்ற நுரையை எழுப்புகின்றன. விலையை விசாரித்துவிட்டு, கடைக்காரருக்கு வந்தனம் கூறி வெளியே வந்தேன்.

நுரை என்பது வேறொன்றுமில்லை; காற்றுத்தான். அதைக் கட்டிப் பிடிப்பது பாலிலுள்ள புரதம். எனவே பாலைச் சூடாக்கி, பாட்டிலில் பாதி ஊற்றி, மூடியை இறுக்கிக் குலுக்கினேன். உள்ளேயிருந்த காற்று சூட்டில் விரிந்து மூடியைக் கூரைக்கு அனுப்பியது. குளிர்ந்த பாலைக் குலுக்கிய பிறகே சூடாக்கவேண்டும் என்ற ஞானம் பின்னால் வந்தது. அடுத்து, மத்து. கொதித்த பாலில் ஏடுதான் மத்தைச் சுற்றிக்கொண்டது. 60, 65 டிகிரிச் சூட்டில் கடைந்தபோது நல்ல நுரை எழும்பியது. ஆனால் அம்மா முகர்ந்து பார்த்து, "மோர் வாசனை" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

கடைசியில் மருமான் ஒரு கருவி கொண்டுவந்தான். பாட்டரியில் சுழலும் சிறு கம்பிச் சுருள். அரை நிமிஷத்தில் இலவம்பஞ்சு போல நுரை! அம்மா ஒரு வாய் குடித்தாள். "மேலே நுரை, கீழே காப்பி. இரண்டுக்கும் சம்பந்தமே இல்லையே!" என்றாள்.

உண்மைதான். ஆற்றும்போது பாலும் டிகாக்ஷனும் சர்க்கரையும் ஒன்றாகின்றன; வாய் பொறுக்கிற சூடும் வந்துவிடுகிறது; நுரை போகிற போக்கில் பிறக்கிறது. நாலைந்து நிமிஷத்தில் அடங்கிவிடும் நுரைதான். அதனால்தானோ என்னவோ, காப்பி வந்ததும் குடிக்கவேண்டும் என்று வீட்டில் அத்தனை அதிகாரம்!

மறுநாள் முதல், கொல்லையில் பச்சைத் தண்ணீரை வைத்துக்கொண்டு ஆற்றிப் பழகினேன். முழங்காலெல்லாம் நனைந்தது. மூன்றாம் நாள் ஜன்னலிலிருந்து குரல் வந்தது.

"தம்ளரைப் பார்க்காதேடா, டவராவைப் பார். முதலில் கிட்ட வைத்து ஊற்று. தாரை அறாமல் மெல்லக் கையைத் தூக்கு. டவராவைக் கொஞ்சம் சாய்த்துப் பிடி, தெறிக்காது."

பத்து நாள் அம்மா ஜன்னலை விட்டு நகரவில்லை. பதினோராம் நாள் காலையில், நிஜமான காப்பியை முழங்கை நீளத்துக்கு ஆற்றி அவள் முன் வைத்தேன். இரண்டு கைகளாலும் தம்ளரைப் பற்றிக்கொண்டு, கடைசிச் சொட்டு வரையில் குடித்தாள்.

"பித்தம் எப்படி இருக்கிறது, அம்மா?" என்று கேட்டேன்.

"சர்க்கரை ஒரு மாற்றுக் குறைச்சல்" என்றாள்.