சுழிக்குக் கீழே

முதுநிலை வேதியியல் மாணவி ஒருத்தியின் ரெக்கார்டு நோட்டில் சிவப்பு மையால் வட்டம் போட்டு மூன்று மதிப்பெண் குறைத்தேன். அவள் எழுதியிருந்த விடை சரி. தப்பு என்னுடையது.

மெக்னீசியம் சல்பேட்டை, பேதி உப்பு என்பார்களே, அதைப் பல செறிவுகளில் தண்ணீரில் கரைத்து, ஒப்படர்த்திக் குப்பியில் ஊற்றி எடை போட வேண்டும். அடர்த்தியிலிருந்து, கரைந்த உப்பின் தோற்ற மோலார் பருமனைக் கணக்கிட்டு, செறிவின் வர்க்கமூலத்துக்கு எதிராக வரைய வேண்டும். கோட்டைச் செறிவு சுழியாகும் இடம்வரை நீட்டினால், அளவிலா நீர்த்தலில் உப்பின் பகுதி மோலார் பருமன் கிடைக்கும். அவளுடைய கோடு சுழிக்குக் கீழே இறங்கி அச்சை வெட்டியிருந்தது.

"பருமன் எப்படிம்மா மைனஸ்ல வரும்? குப்பியை ஒழுங்காத் தொடச்சியா?"

"மூணு தடவ பண்ணிட்டேன் சார். இப்படித்தான் வருது."

"அப்ப மூணு தடவையும் தொடைக்கல."

லேபே சிரித்தது. நானும் சிரித்தேன்.

எனக்கு அவ்வளவு உறுதி எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் மாணவனாக இருந்தபோது எனக்கும் அதே கோடு சுழிக்குக் கீழேதான் போனது. ஆசிரியரிடம் கேட்கக் கூச்சம். நீர்த்த கரைசல்களின் எடையில் பத்துப் பதினைந்து மில்லிகிராமைக் குறைத்து எழுதினேன். அவ்வளவு போதும், கோடு மேலே வந்துவிடும். முழு மதிப்பெண் கிடைத்தது. நாள்பட நாள்பட, நான் திருத்தியது உண்மையை அல்ல, பிழையைத்தான் என்று நானே நம்பத் தொடங்கிவிட்டேன்.

கிப்ஸ்–டூஹெம் சமன்பாட்டைக் குறிப்பைப் பார்க்காமல் கரும்பலகையில் தருவிப்பேன். ஆனால் பகுதி மோலார் பருமன் என்றால் அந்தப் பொருள் கரைசலுக்குள் அடைத்துக்கொள்ளும் இடம் என்றே மனதுக்குள் வைத்திருந்தேன். அது இடமே அல்ல. ஒரு பெரிய தொட்டி நிறையக் கரைசல் இருக்கிறது. வெப்பநிலையும் அழுத்தமும் மாறாமல் அதில் இன்னும் ஒரு மோல் சேர்த்தால் மொத்தப் பருமன் எவ்வளவு மாறுகிறது, அதுதான். ஏறவும் செய்யலாம், இறங்கவும் செய்யலாம். மெக்னீசியம், சல்பேட் அயனிகள் சுற்றியுள்ள நீர் மூலக்கூறுகளை இறுக்கி இழுக்கின்றன. ஹைட்ரஜன் பிணைப்பால் இடைவெளி விட்டு நிற்கும் நீரின் அமைப்பு அங்கே நெருங்கிப்போகிறது. உப்பு வந்து சேர்கிறது, தண்ணீர் அதைவிட அதிகமாகச் சுருங்குகிறது.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், 50 மில்லி எத்தனாலும் 50 மில்லி தண்ணீரும் சேர்ந்தால் 100 வராது, 96 சொச்சம்தான் வரும் என்று ஆண்டுதோறும் வகுப்பில் செய்து காட்டியவன் நான். தண்ணீரில் தண்ணீரின் மோலார் பருமன் 18 கன சென்டிமீட்டர், எத்தனால் வெள்ளத்தில் அதே தண்ணீருக்கு 14 தான் என்று சொல்லிக் கைதட்டலும் வாங்கியிருக்கிறேன். பதினெட்டு பதினாலாகலாம் என்றால் வேறொன்று சுழிக்குக் கீழேயும் போகலாம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

அவள் படிப்பை முடித்துப் போன பிறகு, வேறெதற்கோ அட்கின்ஸின் இயற்பிய வேதியியல் நூலைப் புரட்டினேன். எதிர்க்குறிப் பகுதி மோலார் பருமனுக்கு எடுத்துக்காட்டாக அதே உப்பு. மாணவர்கள் தினமும் புரட்டும் புத்தகம் அது.

அதோடு நிறுத்திக்கொண்டிருந்தால் அறியாமை என்று விட்டுவிடலாம். அடுத்த ஆண்டு வகுப்பில், "இங்கே மைனஸ் வரும், பயப்படாதீங்க" என்று, காலமெல்லாம் தெரிந்தவனைப் போலப் பாடம் நடத்தினேன். ஒரு மாணவிக்கு அநியாயமாக மதிப்பெண் குறைத்த கதையைச் சொல்லவில்லை. அவள் முகவரி துறை அலுவலகத்தில் இருந்தது, கேட்டால் கொடுத்திருப்பார்கள். கேட்கவில்லை.

அந்த மூன்று மதிப்பெண் இன்றுவரை குறைந்தபடியேதான் இருக்கிறது.