அவகாசம் தரும் பாட்டில்

ஜனவரி 6, 2024, சனி

ராத்திரி எட்டு மணிக்குப் பக்கத்து வீட்டுப் பையன் நாகமரை ரோட்டு வளைவில் பைக்கோடு விழுந்துவிட்டான். ஹெல்மெட் இல்லை. 108 ஆம்புலன்ஸ் வந்து பென்னாகரம் வழியாகத் தருமபுரிக்குக் கொண்டுபோனது. பதினோரு மணிக்கு அவன் அம்மா போன் செய்தாள். "அக்கா, ஸ்கேன் எடுத்துட்டாங்க. ரத்தம் பெரிசா கட்டலையாம், மூளை வீங்கியிருக்காம். ஏதோ மானிட்டால்னு ஏத்தறாங்க. நீங்க வாங்கக்கா."

ரிட்டயர் ஆனாலும் ஊருக்கு நான் சிஸ்டரம்மாதான். முதல் பஸ்ஸுக்குக் கிளம்ப வேண்டும்.

ஜனவரி 7, ஞாயிறு

ஐசியூவில் ஐந்து நிமிடம் பார்க்க விட்டார்கள். தலைமாட்டை முப்பது டிகிரி உயர்த்தி, கழுத்து சாயாமல் நேராக வைத்திருந்தார்கள். கழுத்து மடங்கினால் தலையிலிருந்து ரத்தம் இறங்குவது தடைப்படும், அழுத்தம் ஏறும். சின்ன விஷயம்தான், ஆனால் நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

வெளியே வந்ததும் அவன் அம்மாவுக்கு இரண்டு பயம். "குளுக்கோஸ் எல்லாம் சொட்டுச் சொட்டா ஏத்துவாங்க, இதை மடமடன்னு விடறாங்களே? மூத்திரப் பை வேற உடனே நிரம்பிடுது." இரண்டும் மருந்து வேலை செய்கிற விதம் என்றேன். மாங்காய்த் துண்டில் உப்பைப் போட்டுக் குலுக்கினால் தண்ணீர் விடுகிறதல்லவா, அதே கணக்கு. மானிட்டால் ஒரு வகைச் சர்க்கரை ஆல்கஹால். ரத்தத்தில் வேகமாகக் கலந்தால் ரத்தம் அடர்த்தியாகும். மூளைத் திசுவில் தேங்கிய நீர் ரத்தக் குழாய்க்குள் இழுபடும். மெதுவாக ஏற்றினால் அந்த இழுப்பு வராது. உடம்பு இதை எரிப்பதில்லை, சிறுநீரகம் வடிகட்டித் தள்ளிவிடும், கூடவே தண்ணீரும் போகும்.

20 சதவீதக் கரைசல். 100 மில்லி பாட்டிலில் 20 கிராம். பையன் அறுபது கிலோ இருப்பான். கிலோவுக்கு அரை கிராம் என்றால் ஒன்றரை பாட்டில், இருபது நிமிடம் போல.

ஜனவரி 8, திங்கள்

விடியற்காலைக் குளிர் எலும்பில் ஏறியது. வார்டு வாசலில் ஒரு சின்னப் பொண்ணு, புது சிஸ்டர், மானிட்டால் பாட்டிலை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடியில் ஊசி ஊசியாகப் படிகம். குளிர்ந்தால் இந்தக் கரைசல் அப்படித்தான் படிகமாகும். வெந்நீரில் நிறுத்தி, அவ்வப்போது குலுக்கி, ஒரு துகளும் இல்லாமல் தெளிந்தபின் உடம்புச் சூட்டுக்கு ஆறவிட்டாள். ஃபில்டர் உள்ள செட்டை எடுத்து மாட்டினாள். மனசுக்குள் சபாஷ் சொன்னேன்.

ஜனவரி 9, செவ்வாய்

பையனின் மாமா பெங்களூரிலிருந்து வந்து இறங்கினார். "இன்னும் ரெண்டு பாட்டில் சேர்த்துப் போடச் சொல்லுங்க, காசு தரேன்." காசுக்கு இங்கே வேலை இல்லை, விபத்துக்காரர்களுக்கு முதல் 48 மணி நேரச் செலவை ஒரு வரம்பு வரை அரசே ஏற்கும் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 டிசம்பரிலிருந்து இருக்கிறது. மருந்துக்கும் அளவு இருக்கிறது. நீர் அதிகம் போனால் பிரஷர் இறங்கும். பிரஷர் இறங்கினால் அடிபட்ட மூளைக்கு ரத்தம் போகாது. அதனால்தான் போன நீருக்கு ஈடாக சலைன், சோடியம், கிரியாட்டினின் பரிசோதனை எல்லாம். ரத்தத்தின் அடர்த்தி 320 மில்லி ஆஸ்மோலைத் தாண்டினால் சிறுநீரகத்துக்கு ஆபத்து. திரும்பத் திரும்ப ஏற்றினால் காயம்பட்ட இடத்தில் மருந்தே கசிந்து தங்கி, தண்ணீரை அங்கே இழுத்துக்கொள்ளவும் கூடும்.

"அப்போ ஸ்டீராய்டு?" என்றார். மூளைக் கட்டியைச் சுற்றிய வீக்கத்துக்கு அது உதவும், தலைக்காயத்துக்கு இல்லை. பல நாடுகளில் 10,008 பேரிடம் சோதித்து 2004-ல் முடிவு வெளியிட்டார்கள்: ஸ்டீராய்டு போட்டவர்களில்தான் சாவு அதிகம்.

ஜனவரி 10, புதன்

இன்று மானிட்டாலுக்குப் பதில் 3 சதவீத சலைன். பிரஷர் சற்றுத் தாழ்ந்திருந்ததால் மாற்றினார்களாம். அது பிரஷரை இறக்காது. இந்த வைத்தியமே உப்பில் தொடங்கியதுதான்: 1919-ல் அமெரிக்காவில் வீட், மெக்கிபன் என்ற இருவர் பூனைகளுக்கு அடர்ந்த உப்புக் கரைசல் ஏற்றி, மூளை சுருங்குவதைக் கண்டார்கள். பிறகு யூரியா, அறுபதுகளில் மானிட்டால்.

ஜனவரி 12, வெள்ளி

"வலது கையைத் தூக்குப்பா" என்று டாக்டர் சொன்னதும் தூக்கினான். இரண்டாவது ஸ்கேனில் வீக்கம் வற்றியிருக்கிறது, ஆபரேஷன் வேண்டாம் என்றார்கள். மருந்தையும் படிப்படியாகக் குறைக்கிறார்கள். அவன் அம்மா பாட்டிலைக் கும்பிடாத குறை. மூளை தானாக ஆறியது. ஆறும்வரை மண்டை ஓட்டுக்குள் நெரிபடாமல் பாட்டில் அவகாசம் வாங்கித் தந்தது. ரத்தம் பெரிதாகக் கட்டியிருந்தால் அந்த அவகாசத்துக்குள் ஆபரேஷன் தியேட்டருக்குப் போயிருக்க வேண்டும்.

ஜனவரி 14, ஞாயிறு, போகி

எங்கள் ஊர் ஏரியூருக்கு வந்தாயிற்று. டீக்கடையில் இளைஞர்கள் கூடிவிட்டார்கள். வசூல் பண்ணி பத்து பாட்டில் வாங்கி ஊரில் வைத்துக்கொள்ளலாமா என்று ஒருவன் கேட்டான். ஸ்கேன் இல்லாமல், பிரஷர் பார்க்காமல், மூத்திரக் குழாய் இல்லாமல் யார் ஏற்றுவது என்றேன். அவர்கள் செய்யக்கூடியதைச் சொன்னேன்: தூக்கிக் குலுக்காதீர்கள், வாயில் சோடா ஊற்றாதீர்கள், 108-க்குச் சொல்லுங்கள்; எத்தனை மணிக்கு விழுந்தான், எப்போது நினைவு தப்பியது என்று எழுதிக் கொடுத்தனுப்புங்கள். அன்றைக்கு டாக்டர் முதலில் கேட்டதே அந்த நேரத்தைத்தான். கூட இருந்த ஒருவனுக்கும் சொல்லத் தெரியவில்லை.