மெழுகுக் கோட்டு

நமக்கு அரபு கற்பித்த உஸ்தாத் அவர்கள், "நூலின் நடுவே இருக்கும் மூலத்தைப் படித்துவிட்டோம் என்று எழுந்துவிடாதே, ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும் ஹாஷியாவையும் பார்" என்று அடிக்கடி சொல்வார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நாமும் மாணவர்களுக்கு அதையே சொல்லி வருகிறோம். அத்தகைய நாம், ஒரு கோட்டின் உட்புறத்தில் தைத்திருந்த நான்கு வரிக் குறிப்பைப் படியாமல் செய்த பிழையையும், அதைத் திருத்த முயன்ற விதத்தையும் இங்கே எழுதுகிறோம். இதில் நாம் வெட்கப்பட வேண்டியதும் உண்டு. எனினும், பிள்ளைகளைக் கடல் கடந்து அனுப்பிவிட்டு ஊரில் இருக்கும் பெற்றோருக்கு இது பயன்படக்கூடும் என்று கருதுகிறோம்.

சென்ற ஆண்டு அக்டோபர் மாதம் இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில், டைன் ஆறு வடகடலில் கலக்குமிடத்தில் உள்ள சவுத் ஷீல்ட்ஸ் என்னும் ஊரில், மகனுடைய வீட்டில் தங்கியிருந்தோம். 1861 முதல் கடலோடிகளுக்குக் கல்வி புகட்டிவரும் கலாசாலை ஒன்று அவ்வூரில் இருக்கிறது. கப்பல் இயந்திரப் படிப்புக்காக 2015இல் அங்குச் சென்ற மகன், படிப்பை முடித்து, சில ஆண்டுகள் கப்பலிலும் ஓடி, இப்பொழுது கரையிலேயே வேலை பார்த்து, மனைவியுடன் அங்கேயே குடியிருக்கிறான்.

அவன் வீட்டு வாயிலை அடுத்த சிறு நடையில் பழைய கோட்டு ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. கரும்பச்சை நிறம், கழுத்துப் பட்டையில் பழுப்பு நிறக் கார்டுராய்த் துணி. தொட்டால் விரலில் பிசுபிசுப்பு ஏறும். எண்ணெய்ச் செக்கடியில் நிற்பது போன்ற ஒரு வாடை. தூய்மை ஈமானில் பாதி என்று கற்ற நமக்கு, பிள்ளை இவ்வளவு அழுக்கேறிய ஆடையை அணிந்து ஊர் சுற்றுகிறானே என்ற வருத்தம் உண்டாயிற்று. ஒரு நாள் இருவரும் வேலைக்குச் சென்றிருந்த வேளையில், குளியல் தொட்டியில் சுடுநீரை நிரப்பி, சவுக்காரத்தூளைத் தாராளமாகக் கொட்டி, கோட்டை அதில் ஊறவைத்து, கை சிவக்கக் கசக்கித் துவைத்தோம். நீரின்மேல் வெண்மையான ஏடு ஒன்று படர்ந்தது. இத்தனை ஆண்டு அழுக்கு வெளியேறுகிறது என்று மகிழ்ந்து, மீண்டும் ஒருமுறை சுடுநீரில் அலசினோம்.

மாலையில் மகன் வந்தான். தோட்டத்துக் கொடியில் தொங்கிய கோட்டைக் கண்டதும் நின்றுவிட்டான். கறுத்துத் திண்ணென்று இருந்த துணி, வெளுத்துத் துவண்டு, பழைய கோணிப்பையைப் போல் இருந்தது. அதன் கையை இரண்டு விரலால் எடுத்துப் பார்த்தான்.

"துவைத்தீர்களா, வாப்பா?"

"ஆம். மிகவும் அழுக்காயிருந்தது."

சிறிது நேரம் பேசாமல் நின்றவன், "பரவாயில்லை வாப்பா" என்று சொல்லிவிட்டு உள்ளே சென்றான். அவன் கோபித்திருந்தால் நாமும் ஏதேனும் சொல்லியிருப்போம். அந்தப் 'பரவாயில்லை'க்கு நம்மிடம் மறுமொழி இல்லை.

இரவு உணவுக்குப் பின் மருமகள்தான் மெல்லச் சொன்னாள்: "மாமா, அது அழுக்கில்லை, மெழுகு. மழை உள்ளே இறங்காமல் இருக்கத் துணியில் ஏற்றி வைப்பது. அதைக் கொடுத்தவர் பக்கத்து வீட்டில் இருந்த யமன் நாட்டுப் பெரியவர். இவர் முதன்முதல் இங்கே வந்த குளிர்காலத்தில், தம் தோளில் இருந்ததைக் கழற்றி இவருக்குப் போட்டுவிட்டாராம். 2020இல் அவர் மவுத்தாகிவிட்டார்."

முதன்முதல் வந்த குளிர்காலம் என்ற சொல் நம்மை உறுத்தியது. அந்தக் குளிர்காலத்தில் நாம் மகனோடு பேசிக்கொண்டிருக்கவில்லை. மூன்று ஆண்டுகள் மத்ரஸாவில் ஓதியவன், அதை விட்டுவிட்டு இயந்திரம் படிக்கப் போகிறேன் என்றபோது நமக்கு உண்டான மனத்தாங்கலினால், விமான நிலையத்துக்கும் போகவில்லை. ஏறத்தாழ ஓராண்டுக் காலம் அவன் தொலைபேசியில் அழைத்தபோதெல்லாம் அவன் உம்மாவிடமே கொடுத்துவிட்டோம். நாம் அவனிடம் குளிர்கிறதா என்று கேளாதிருந்த அந்த ஆண்டில், மற்றொருவர் தம் கோட்டைக் கழற்றி அவன் மேல் போர்த்தியிருக்கிறார். அந்தக் கோட்டைத்தான் நாம் சவுக்காரம் போட்டுக் கசக்கியிருக்கிறோம்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்காக லேகேட் பகுதியிலுள்ள அல்-அஸ்ஹர் பள்ளிவாசலுக்குச் சென்றோம். ஏடனில் கப்பலேறி, நீராவிக் கப்பல்களின் அடித்தளத்தில் கரி அள்ளிப் போடும் வேலை செய்த யமனியர், 1890களிலிருந்தே அவ்வூரில் குடியேறியவர்கள். 1919இலும் 1930இலும் கப்பல் வேலையின் பொருட்டு எழுந்த கலவரங்களையும் கடந்து அங்கே வேரூன்றியவர்கள். குத்துச்சண்டை வீரர் முஹம்மத் அலீ 1977இல் தம் மனைவியோடு வந்து துஆ பெற்றுச் சென்றதும் அந்தப் பள்ளிவாசலில்தான்.

தொழுகைக்குப் பின் முதியவர் ஒருவரிடம் நமது ஏட்டு அரபியில் செய்தியைச் சொன்னோம். அவர் தம் யமனி வழக்கில், "அல்-முஷம்மஃ!" என்று சொல்லிச் சிரித்துவிட்டார். அச்சொல்லைக் கேட்டதும் நமக்குத் தலை குனிந்தது. அரபியில் 'ஷம்உ' என்றால் மெழுகு. 'முஷம்மஃ' என்றால் மெழுகிடப்பட்டது. மழைக்கோட்டுக்கும் அதுவே பெயர். அகராதியில் அச்சொல்லை நாம் எத்தனையோ முறை கண்டதுண்டு. பொருள் வாயிலில் தொங்கியபோது அறிந்துகொள்ளவில்லை. அப்பெரியவர், "கடையில் மெழுகு டின்னில் கிடைக்கும். துணி கிழியாதவரை முயன்று பாருங்கள். மகனையும் கூட வைத்துக்கொள்ளுங்கள், அது ஒருவர் வேலையன்று" என்றார்.

அதன் வரலாற்றை மகனிடமே கேட்டறிந்தோம். பாய்மரக் காலத்தில், மழையில் நனைந்த பாய் கனத்துப்போகும். எண்ணெய் பூசிய பாயோ நீரை ஏற்காமல் காற்றை நன்கு பிடிக்கும். அதனால் மாலுமிகள் பாய்களுக்கு ஆளிவிதை எண்ணெய் பூசினர். கிழிந்த பாய்களைத் தங்களுக்கே அங்கியாகத் தைத்துக்கொண்டனர். ஆனால் அவ்வெண்ணெய் நாளடைவில் மஞ்சளித்து, குளிரில் விறைத்து, மடித்த இடத்தில் வெடிக்கும். 1930களில் பாரஃபின் மெழுகேற்றிய பருத்தித் துணி வந்து அக்குறையை நீக்கிற்று. மாலுமிகளுக்கும் துறைமுகத் தொழிலாளருக்கும் இத்தகைய ஆடைகளை விற்க, ஸ்காட்லாந்துக்காரரான ஜான் பார்பர் 1894இல் கடை திறந்தது இதே சவுத் ஷீல்ட்ஸில்தான். அவர் பெயரால் நடக்கும் தொழிற்சாலைக்குப் பழைய கோட்டுகள் இன்றும் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் மறுமெழுகுக்காக வந்து சேர்கின்றன.

பாய்கள் மட்கிப் போகாதிருக்க ஆங்கிலேய மீனவர்கள் அவற்றைக் காசுக்கட்டிச் சாற்றில் தோய்த்தனர் என்றும் மகன் சொன்னான். வெற்றிலையோடு நம் வாப்பும்மா மென்ற அதே காசுக்கட்டி! கீழைநாடுகளிலிருந்து கப்பலில் அங்கே போயிருக்கிறது. நம் கரையில் தோணிப் பலகைகளுக்குக் குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூசுவதைச் சிறுவயதில் பார்த்த நினைவும் நமக்கு வந்தது. தண்ணீரில் வாழ்பவர்களுக்கு எந்த நாட்டிலும் கவலை ஒன்றுதான்.

கோட்டின் உட்புறக் குறிப்பை இப்பொழுதாவது படிப்போம் என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தோம். சுடுநீர் கூடாது, சவுக்காரம் கூடாது, இயந்திரத்தில் துவைத்தல் கூடாது, குளிர்ந்த நீரில் நனைத்த பஞ்சினால் துடைத்தல் மட்டுமே தகும் என்றிருந்தது. நெருக்கமாக நெய்த பருத்தியின் இழைகளுக்கு இடையே உள்ள நுண்ணிய துளைகளை மெழுகு அடைத்துக்கொள்கிறது; அதனால் மழைநீர் துணியில் பரவாமல் முத்து முத்தாகத் திரண்டு உருண்டோடுகிறது. சவுக்காரம் அந்த மெழுகைக் கரைத்து எடுத்துவிடும். ஒருமுறை அவ்வாறு துவைத்த துணி மீண்டும் மெழுகைச் சீராக ஏற்கும் என்பதற்கு உறுதி இல்லை என்று செய்பவர்களே சொல்கிறார்கள். அது தெரிந்தேதான் தொடங்கினோம்.

ஞாயிற்றுக்கிழமை காலை, வெப்பமூட்டிய கூடத்தில், மேசைமீது பழைய செய்தித்தாள்களை விரித்து நன்கு உலர்ந்த கோட்டைப் பரப்பினோம். துணி ஈரமாயிருந்தால் மெழுகு பிடிக்காது. மெழுகு டின்னை மூடி கழற்றி, சுடுநீர்ப் பாத்திரத்தினுள் 20 நிமிடம் நிற்கவைத்தான் மகன். நேரே அடுப்பில் வைத்தால் தீப்பற்றும். கெட்டியாயிருந்த மெழுகு, உருகிய நெய்யைப் போல் ஆயிற்று. பஞ்சுத் துண்டை அதில் தோய்த்து, ஓர் உள்ளங்கை அகல இடமாக எடுத்துக்கொண்டு, வட்டம் வட்டமாகத் தேய்த்தோம். தையல் வரிசைகளிலும், முழங்கையிலும், தோளிலும், மடிப்புகளிலும் இரட்டிப்புக் கவனம் வேண்டும். மழை முதலில் நுழைவது அங்கேதான். கழுத்துப் பட்டையிலும், உள் துணியிலும், பையின் உட்புறத்திலும் மெழுகு படலாகாது.

தமிழில் 'மெழுகு' என்பது பெயரும் ஆகும், வினையும் ஆகும். தரையை மெழுகும் பெண்கள் கையை வட்டமாகச் சுழற்றுவது நினைவுக்கு வந்தது. அதை மகனிடம் சொன்னோம். "உம்மா வீட்டில் அப்படித்தான் செய்வார்கள்" என்று அவனும் கையைச் சுழற்றிக் காட்டிச் சிரித்தான். அதன் பின்னர்த்தான் பேச்சு வந்தது.

வழக்கமாக ஒரு கோட்டுக்கு 200 மில்லி லிட்டர் டின் ஒன்று போதும். நாம் முற்றிலும் உரித்துவிட்ட அந்தத் துணியோ தாகித்தவன் போல் குடித்தது. ஏறத்தாழ இரண்டு டின்கள் ஆயின. மேலே தங்கிய மிகையைத் துணியால் துடைத்துவிட்டு, தலைமுடி உலர்த்தும் கருவியின் வெப்பக் காற்றை அதன்மீது செலுத்தினான். வெள்ளைத் திட்டுகளாக நின்ற மெழுகு உருகித் துணிக்குள் இறங்க இறங்க, வெளுத்த பச்சை மெல்லக் கறுத்துத் தன் பழைய முகத்தைக் காட்டிற்று.

வலது கையை நாமும் இடது கையை மகனும் தேய்த்துக்கொண்டிருந்தபோது, அவன் முகத்தைப் பாராமலே சொன்னோம்: "அந்த ஓராண்டு நாம் உன்னோடு பேசாதிருந்தது தவறு." தந்தையர் பிள்ளைகளிடம் இவ்வாறு சொல்லும் பழக்கம் நம் வீடுகளில் இல்லை. நம் வாப்பாவும் நம்மிடம் சொன்னதில்லை. மகன் தேய்ப்பதை நிறுத்தவில்லை. சிறிது நேரம் கழித்து, "அந்தப் பெரியவர் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கேட்பார், 'உன் வாப்பா பேசினாரா?' என்று. பேசினார் என்று பொய் சொல்லுவேன். அவருக்குத் தெரியும்" என்றான். பின்பு, "இந்தத் தோள்பட்டையில் இன்னும் கொஞ்சம் தேயுங்கள், வாப்பா" என்றான்.

வேலை முடிந்தபோது லுஹர் நேரம் ஆகியிருந்தது. ஒளுச் செய்யக் குழாயடியில் நின்றோம். கையில் ஊற்றிய நீர் முத்து முத்தாக உருண்டோடியது. தண்ணீர் தோலைத் தொடாமல் தடுக்கும் பொருள் உறுப்பின்மேல் இருந்தால் ஒளு நிறைவேறாது என்பது நாம் சிறுபிள்ளைகளுக்குக் கற்பிக்கும் தொடக்கப் பாடம். கோட்டில் எது இருக்க வேண்டுமென்று காலை முழுதும் உழைத்தோமோ, அதுவே நம் கையில் இருக்கலாகாது. மருமகள் தேங்காயெண்ணெய் கொண்டுவந்தாள். எண்ணெயைத் தேய்த்து மெழுகை இளக்கித் துணியால் துடைத்து, பின்னர் சவுக்காரமிட்டு, மகன் வெந்நீர் ஊற்ற ஊற்றக் கழுவினோம். நக இடுக்குகளை அவனே பார்த்துத் துடைத்தான். அவன் ஐந்து வயதில் ஒளுக் கற்றுக்கொண்டபோது நாம் அவன் கையை அப்படிப் பிடித்திருந்தோம்.

கோட்டை மற்ற ஆடைகளில் படாமல் தனியே ஓர் இரவு தொங்கவிட்டோம். மறுநாள் பார்த்தபோது முதுகில் இரண்டு இடங்களில் திட்டுத் தெரிந்தது. இடத் தோளில் ஒரு கோடு வெளிறியே நின்றது. முன்போல் ஆகவில்லை என்பதை மறைப்பதற்கில்லை. ஆண்டுக்கு ஒருமுறை மெழுக வேண்டிய பொருள்தானே, அடுத்த ஆண்டும் பார்ப்போம் என்றான் மகன்.

ஊர் திரும்புமுன் அந்தப் பெரியவரின் கப்ரை ஜியாரத் செய்ய அழைத்துப் போகும்படி கேட்டோம். வடகடலிலிருந்து சாய்ந்தடிக்கும் மழை. வாயிலில் மகன் கோட்டை எடுத்து நம் தோளில் போட்டு, மேல் பொத்தானையும் தானே மாட்டிவிட்டான். கப்ரின் அருகே நின்று துஆ ஓதி முடிக்கும்வரை மழை நிற்கவில்லை. திரும்பி வந்து கழற்றிப் பார்த்தபோது, இடத் தோளில் மட்டும் நான்கு விரற்கடை அளவு நனைந்திருந்தது. மற்ற இடமெல்லாம் உலர்ந்தே இருந்தது.